ஆற்றுக்குப் பேர் வைத்த ராணி

முத்தழகுக்கு ராணி வேஷம் கிடைத்தது அவளுடைய தொண்டையால்தான். நேமத்தான்பட்டியில் இந்த வரப்பில் நின்று அந்த வரப்பில் நிற்கிற ஆளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. காரைக்குடிப் பெண்கள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கடைசி வருஷம் படித்தவர்களில், செய்யுளைக் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி வாசிக்க அவள் ஒருத்தியால்தான் முடிந்தது.

"மைக் மக்கர் பண்ணினாலும் கவலையில்லை. இவ இருக்கா," என்று சொல்லிவிட்டார் நீலாயதாட்சி மிஸ்.

மிஸ்ஸுக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். அந்த வருஷம், அதாவது அறுபத்தேழாம் வருஷம், ஒரு ஆங்கிலக் கவிஞர் எழுதிய செய்யுள் நாடகம் அவர்களுக்குப் பாடமாக வந்திருந்தது. கவிஞர் விக்டோரியா மகாராணி காலத்து ஆள். அவர் எடுத்துக்கொண்ட கதையோ ரோமாபுரிக்காரன் கால் வைப்பதற்கும் முந்தைய பழம் பிரிட்டன் தேசத்துக் கதை. படிக்கப் படிக்க மிஸ்ஸுக்கு அதன்மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. கல்லூரி நாள் விழாவில் அதைப் போட்டே தீருவது என்று நின்றார். பிரின்சிபாலுக்குப் பயம்.

"ஊரே தமிழ் தமிழ்னு கொதிச்சுக்கிட்டுக் கெடக்கு. இப்பப் போயி இங்கிலீஷ் நாடகமா மிஸ்?"

"ஒவ்வொரு காட்சிக்கும் முன்னாடி தமிழ்ல கதை சொல்லிடறேன் மேடம். பொண்ணுங்களோட அம்மாமார் எல்லாருக்கும் புரியும். புரியாத கதையா இது?"

கதை இதுதான். ஒரு ராஜா. கடல் கடந்து வந்த பகைவரை ஜெயித்தபோது, அவர்கள் கப்பலில் இருந்த ஒரு பெண்ணைக் கண்டு மனதைப் பறிகொடுத்தான். வீட்டிலோ வாக்குக் கொடுத்துக் கட்டிய ராணி இருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் இவளை ஒரு நிலவறையில் ஒளித்து வைத்தான். அங்கே போகும்போதெல்லாம் சாமிக்குப் பூசை செய்யப் போகிறேன் என்று பொய் சொன்னான். நிலவறையில் ஒரு பெண் குழந்தை பிறந்து வளர்ந்தது. விஷயம் ஒருநாள் ராணி காதுக்குப் போயிற்று. படை திரட்டினாள். போரில் ராஜா செத்தான். பிடிபட்ட தாயையும் மகளையும் ஆற்றில் தள்ளச் சொன்னாள். தள்ளிய பிறகு மனசு தாங்காமல், இனி இந்த ஆற்றுக்கு அந்தச் சிறுமியின் பேர்தான் என்று உத்தரவு போட்டாள்.

ராஜாவாக நடித்தவள் தேவகோட்டையிலிருந்து வந்த அழகி என்ற பெண். ஒட்டுமீசை வேர்வையில் நழுவி நழுவி உதட்டில் விழும். செத்துக் கிடக்கிற காட்சியில் அவள் மீசையைப் பிடித்துக்கொண்டே செத்தாள். ராணியின் அங்கிக்கு எந்த வீட்டிலிருந்தோ பழைய வெல்வெட் திரைச்சீலை வந்தது. அதை உதறிய நாளில் எல்லோருக்கும் தும்மல். ஒத்திகை நடந்த கூடத்தில் பர்மா தேக்குத் தூண்கள் இருந்தன. அந்தத் தூண்கள்தான் பிரிட்டன் தேசத்துக் காடு. நாலு மணிக்கு வகுப்பு விட்டால் காட்டுக்குள் போய்விடுவார்கள். இருட்டுவதற்குள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். பின்னாளில் முத்தழகுக்கு வாழ்க்கையில் எத்தனையோ நல்ல சாயங்காலங்கள் வந்தன. ஆனாலும் சாயங்காலம் என்று யாராவது சொன்னால் அவள் மனசு முதலில் அந்தக் கூடத்துக்குத்தான் போகும்.

ஆற்றில் விழும் மகளாக நடிக்கத்தான் ஆள் அமையவில்லை. சின்ன உருவம் வேண்டும், ஒரு பாட்டும் பாட வேண்டும். ஒருநாள் பி.யு.சி. படிக்கும் பெண் ஒருத்தி தானாகவே வந்து கதவோரம் நின்றாள். பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வெளுத்த நிறம், சற்றே தட்டையான மூக்கு, சிரித்தால் காணாமல் போகிற கண்கள். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த குடும்பம் என்றார்கள். அந்த நாட்களில் அப்படி எத்தனையோ குடும்பங்கள் வந்திருந்ததால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அந்த முகத்துக்குப் பொன்னுத்தாயி என்று பேர் இருந்ததுதான் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது.

"நான் நடிக்கிறேன் மிஸ். எனக்குப் பாட வரும்," என்றாள். சொன்னது மிஸ்ஸிடம், பார்த்தது முத்தழகை.

அன்றிலிருந்து அவள் முத்தழகின் நிழலானாள். ஒத்திகைக்கு நடுவே வந்து பக்கத்தில் உட்காருவாள். தூக்குச் சட்டியில் உப்பும் எள்ளும் போட்டுப் பிசைந்த தேயிலைப் பண்டம் ஒன்று கொண்டுவந்து கொடுப்பாள். கேள்வி மட்டும் ஓயாது.

"அக்கா, ஒங்க வீட்டுல கெணறு இருக்கா?"

"இருக்கு."

"மாடு?"

"ரெண்டு உழவு மாடு, ஒரு பசு. ஏன், வாங்கப் போறியா?"

"சும்மாதான் கேட்டேன். ஒங்கம்மா எப்படிக்கா இருப்பாக? கோவக்காரங்களா?"

"எங்க ஆத்தாவா? கோவம் வந்தா அய்யனாரு குதிரையே ரெண்டடி தள்ளி நிக்கும்."

பொன்னுத்தாயி சிரிப்பாள். பிறகு தூக்குச் சட்டியை மூடிக்கொண்டு தரையைப் பார்ப்பாள். கூடப் பிறந்தவர்கள் யாருமில்லாத முத்தழகுக்கு இந்த ஒட்டுதல் பிடித்துப்போயிற்று. அதுவே நாடகத்துக்கு வினையாகவும் வந்தது. ஆற்றில் தள்ளச் சொல்லும் இடத்தில் அவளுக்குக் கோபமே வரவில்லை.

"முத்தழகு, அவ உன் புருஷனோட இன்னொரு பொண்டாட்டிக்குப் பொறந்தவ. காப்பி குடிக்கக் கூப்பிடற மாதிரி சொல்றியே!" என்று மிஸ் தலையில் அடித்துக்கொள்வார்.

விழாவுக்கு முந்தைய வாரம் பொன்னுத்தாயி வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினாள். நாடகம் நின்றுவிடுமோ என்று மிஸ் கலங்கினார். சனிக்கிழமை காலையில் முத்தழகு தானே பள்ளத்தூருக்குப் பஸ் ஏறினாள். காய்ச்சல்காரிக்குக் கொடுக்கலாம் என்று ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டாள். விசாரித்ததில், பெரிய வீடுகள் நிற்கும் தெருவைத் தாண்டிப் பின்பக்கம் இருந்த ஓட்டு வீடு ஒன்றைக் காட்டினார்கள்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே ஒரு பர்மாக்காரப் பெண், இடுப்பில் லுங்கி, தலையில் உயர்த்திக் கட்டிய கொண்டை, குனிந்து யாருக்கோ பரிமாறிக்கொண்டிருந்தாள். தரையில் சம்மணம் போட்டு, தேங்காய்ப்பால் குழம்பில் மிதந்த சேமியா மாதிரி எதையோ சாப்பிட்டுக்கொண்டிருந்தது முத்தழகின் அப்பா பெரியகருப்பன்.

அவர் கையில் எடுத்தது வாய்க்குப் போகவில்லை.

"முத்தழகு... நீ எப்பிடித்தா இங்க?"

அவர் புதுவயலில் அரிசி மில்லில் மேஸ்திரி. வாரத்தில் பாதி நாள் மில்லிலேயே தங்கல் என்று சொல்வார். முத்தழகு கைக்குழந்தையாக இருந்தபோது பர்மாவுக்குப் போனவர், நடுவில் ஒரே ஒரு தடவை வந்து போனார். அங்கே ராணுவ ஆட்சி வந்து எல்லாரையும் விரட்டிய பிறகு அறுபத்து நாலில் ஒற்றைப் பெட்டியோடு ஊர் திரும்பினார். அப்படித்தான் நேமத்தான்பட்டி நம்பியிருந்தது.

"புதுவயல் மில்லு இதுதானா ஐயா?" என்றாள் முத்தழகு.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மூலையில் பாயில் படுத்திருந்த பொன்னுத்தாயி எழுந்து உட்கார்ந்தாள். காய்ச்சலில் முகம் சிவந்திருந்தது.

"அக்கா..."

"தெரிஞ்சேதான் எங்கூட நடிக்க வந்தியா?"

"ஆமாக்கா. ஒங்களைப் பாக்கணும்னுதான். வேற எப்படி நான் ஒங்களைப் பாக்குறது?"

பொன்னுத்தாயி என்பது ஐயாவின் தாயார் பேர். முத்தழகு பிறந்தபோதே அந்தப் பேரைத்தான் வைக்க நினைத்தார்களாம். அடுத்த பிள்ளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஐயா சொன்னாராம். அந்த அடுத்த பிள்ளை இதோ, பாயில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருக்கிறது. இத்தனை நாள் அந்தப் பேரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தும் தனக்கு உறைக்கவில்லையே என்று முத்தழகுக்கு ஆத்திரம் முட்டியது. பர்மாக்காரி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். முத்தழகு வாங்கவில்லை. ஆரஞ்சுப் பழத்தை வாசற்படியிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டாள். அவள் பின்னால் ஐயா தெருமுனை வரைக்கும் ஓடிவந்தார்.

"ஒங்க ஆத்தாகிட்டச் சொல்லிறாதத்தா. ஒன்னயக் கையெடுத்துக் கும்புடுறேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் ஆத்தாவிடமும் எதுவும் சொல்லவில்லை.

விழா அன்று மத்தியானமே கூட்டம் கூடிவிட்டது. கூடத்தில் ஜமுக்காளம் விரித்து அம்மாமார்கள் உட்கார்ந்திருந்தார்கள். முத்தழகின் ஆத்தா சோலையம்மாள், கண்டாங்கிச் சேலையில், முன்வரிசையில் இடம் பிடித்துக்கொண்டாள். ஐயா வரவில்லை, மில்லில் வேலை. திரைக்குப் பின்னால் பொன்னுத்தாயி வந்து நின்றாள். இளைத்திருந்தாள்.

"அக்கா, நான் வேணும்னா நடிக்கல. மிஸ்கிட்டச் சொல்லிருறேன்."

"நாடகம் நாடகந்தான். போயி வேஷத்தைக் கட்டு," என்றாள் முத்தழகு.

அன்றைக்குக் கோபத்துக்குப் பஞ்சமில்லை. ராணி ராஜாவின் பொய்யைச் சொல்லிக் காட்டும் இடத்தில், எந்தச் சாமிக்கு இத்தனை பூசை செய்தாய் என்று கேட்கும் இடத்தில், முத்தழகின் குரல் தேக்குத் தூண்களில் மோதித் திரும்பியது. ஆங்கிலம் தெரியாத பெண்கள்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழகி நிஜமாகவே பயந்து இரண்டடி பின்னால் போனாள்.

பிறகு அந்தக் கடைசிக் காட்சி. இரண்டு சேவகர்கள் சிறுமியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவள் இரண்டு வரி பேச வேண்டும், பாட வேண்டும். பொன்னுத்தாயிக்கு வசனம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பக்கத்தில் நின்ற முத்தழகுக்கு மட்டும், "அக்கா" என்பது காதில் விழுந்தது.

ராணி உத்தரவு போட்டாக வேண்டும். முத்தழகு போட்டாள். நன்றாகவே போட்டாள். சிறுமியைத் திரைக்குப் பின்னால் இழுத்துப் போனார்கள். தொப்பென்று ஏதோ விழுந்த சத்தத்துக்காக மிஸ் ஏற்பாடு செய்திருந்த மண்மூட்டை விழுந்தது. அந்தச் சத்தத்தில் முத்தழகு உடைந்தாள். ஆற்றுக்குப் பேர் வைக்கும் வரிகளை அவள் அழுதுகொண்டேதான் சொன்னாள். பாதி வார்த்தைகள் விழுங்கப்பட்டன. திரை விழுந்ததும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மிஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டார். முத்தழகு அவரை விலக்கிவிட்டுத் தேடினாள். பொன்னுத்தாயி பள்ளத்தூர் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தாள்.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சோலையம்மாள் மகளின் கண் மையை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"ஏண்டி, அந்த ராணி கடைசியில என்னத்தச் சொல்லி அம்புட்டு அழுதா?"

"அந்த ஆத்துக்கு அந்தப் புள்ள பேரையே வைக்கணும்னு சொன்னா ஆத்தா. அவ ராசா மகதான்னு சனங்க காலத்துக்கும் நெனைக்கணும்னு."

சோலையம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "செத்த பெறகு ஆத்துக்குப் பேரு வச்சு என்ன புண்ணியம்? புருசன் செஞ்ச தப்புக்கு அந்தப் பச்சப்புள்ள என்னடி பண்ணும்? உசிரோட இருக்கையில அது எங்க வீட்டுப் புள்ளதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொறஞ்சா போயிருவா? ராணியாம் ராணி!"

முத்தழகால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அந்தச் சிமெண்டு பெஞ்சிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பள்ளத்தூர் வீடு, பர்மாக்காரி, ஐயா சாப்பிட்டது, பொன்னுத்தாயி என்ற பேர், அவள் மேடையில் நின்று அக்கா என்றது, எல்லாம்.

பஸ் வந்தது, ஏறினார்கள். சோலையம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பொட்டலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஊர் எல்லை வந்ததும் கேட்டாள்:

"அந்தப் புள்ளக்கிக் காச்சலு விட்டுருச்சா?"

அது நல்ல வார்த்தை. ஆனால் ஆத்தாவின் மனசு ஒரே வார்த்தையில் ஆறிவிடவில்லை. மறுநாள் பெரியகருப்பன் வந்ததும் வீடு ரணகளமானது. நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதாள். மண்ணை வாரித் தூற்றினாள். அவருடைய கயிற்றுக் கட்டிலைத் தூக்கி மாட்டுக் கொட்டகையில் போட்டாள். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினாள். சோறு வைப்பாள், வெந்நீர் வைப்பாள், பேச மட்டும் மாட்டாள். ஏதாவது சொல்லவேண்டுமென்றால் பசுவைப் பார்த்துச் சொல்வாள்.

பங்குனி கடைசியில் ஒருநாள் காலை, தலை சீவி, மகளைக் கூப்பிட்டாள்.

"கெளம்பு. பள்ளத்தூருக்குப் போவம்."

"சண்டைக்கா ஆத்தா?"

"போய்ப் பாத்துக்கிருவம்."

பர்மாக்காரியின் பேர் மா கின். வாசலில் இவர்களைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். அடி விழும் என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு உடைந்த தமிழில் சொன்னாள்:

"நான் தெரியாது அம்மா. அங்கே அவர் சொன்னது, ஊர்லே யாரும் இல்லே. கப்பல் ஏறின பெறகு சொன்னார். கடல்லே எங்கே எறங்கும் நான்?"

சோலையம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பேச வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது போலிருந்தது. மெதுவாக உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தாள்.

"ஒனக்கும் அதே பொய்யா? நல்ல மனுசன்தான்." பிறகு கதவுக்குப் பின்னால் நின்ற சிறுபெண்ணைப் பார்த்தாள். "இங்குட்டு வா. ஏன் அங்க பம்முற? இந்த மூக்கு மட்டும்தான் ஒங்கம்மா மூக்கு. நெத்தியும் காதும் எங்க மாமியா செத்துப் பொழைச்சு வந்த மாதிரியில்ல இருக்கு."

மா கினைத் தன் வீட்டு வாசல் ஏற விடமாட்டேன் என்று அப்போதே சொல்லிவிட்டாள். அதில் அவள் பிடிவாதமாகத்தான் இருந்தாள். ஆனால் அந்த வைகாசியில் அய்யனாருக்குப் புரவியெடுப்பு வந்தபோது, பொன்னுத்தாயிக்குப் பாவாடை தாவணி எடுத்துக் கொடுத்து, கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். மண்குதிரைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரே போகிறது. பங்காளிகள் பார்க்கிறார்கள். ஐயாவின் தம்பி மகன் கருத்தையா வாய் சும்மா இருக்காதவன்.

"பெரியாத்தா, யாரு இந்தச் சப்ப மூக்குப் புள்ள?"

கொட்டுச் சத்தத்தையும் மீறி சோலையம்மாளின் குரல் கேட்டது. முத்தழகுக்கு அந்தத் தொண்டை எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது.

"எங்க வீட்டுச் சின்ன மக. பேரு பொன்னுத்தாயி. ஒனக்குத் தங்கச்சி மொறை. மொறை தெரிஞ்சு பேசு!"

கூட்டம் ஒரு கணம் நின்றது. பிறகு குதிரைகளோடு நகர்ந்தது. பொன்னுத்தாயி முத்தழகின் விரலைப் பிடித்துக்கொண்டாள். முத்தழகு விடவில்லை. பெரியகருப்பன் ஆலமரத்தடியில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு காலம் வேகமாக ஓடியது. முத்தழகு எம்.ஏ. முடித்துச் சிவகங்கையில் ஆசிரியையானாள். பொன்னுத்தாயிக்கு எழுபத்து மூன்றில் கல்யாணம். மாப்பிள்ளை மாயக்கண்ணன் அவளைப் போலவே பர்மாவிலிருந்து வந்தவன், மெட்ராஸில் கடை வைத்திருந்தான். அடுத்த வருஷம் பெரியகருப்பன் மாட்டுக் கொட்டகைக் கட்டிலிலேயே செத்துப்போனார். சோலையம்மாள் அவரோடு கடைசி வரைக்கும் பேசவில்லை. ஆனால் பிணத்தை எடுப்பதற்கு முன்னால் பள்ளத்தூருக்கு ஆள் அனுப்பினாள்.

"அவளும் வந்து அழுவட்டும். அவளுக்கும் அழுகை இருக்கும்ல."

அன்றைக்குத்தான் மா கின் அந்த வீட்டு வாசல் ஏறினாள். காரியம் முடிந்தும் அவளைப் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவளும் போகவில்லை.

எழுபத்தாறில் பொன்னுத்தாயிக்குப் பெண் குழந்தை பிறந்தது என்று தந்தி வந்தது. முத்தழகு லீவு போட்டு இரண்டு தாய்மாரையும் ரயிலில் மெட்ராஸுக்குக் கூட்டிப்போனாள். சோலையம்மாள் அதுவரை ரயிலில் ஏறியதே இல்லை. ஜன்னலோர இடம் யாருக்கு என்பதில் காரைக்குடியிலேயே சண்டை ஆரம்பித்தது.

"நீ கப்பல்லயே வந்தவ. ஒனக்கெதுக்கு சன்னலு?"

"கப்பல்லே கீழே படுக்க வச்சது. ஒண்ணும் பாக்கலே."

கடைசியில் ஆளுக்குக் கொஞ்ச தூரம் என்று முடிவானது. புதுக்கோட்டை தாண்டியதும் மா கின் இடுப்பிலிருந்து சுருட்டை எடுத்துப் பற்றவைத்தாள். சோலையம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினாள். திட்டிக்கொண்டே புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த முத்தழகு புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"பேத்திக்கு என்னடி பேரு வைக்கிறதா இருக்காக?" என்றாள் ஆத்தா, வாயில் சோற்றோடு.

"ஒங்க ரெண்டு பேரையும்தான் கேக்கணுமாம். நீங்க வந்து சொல்ற வரைக்கும் வைக்கலையாம்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மா கின் சுருட்டை ஜன்னல் வழியே எறிந்தாள். திருச்சி வந்து, விழுப்புரம் வந்தும், பேர் விஷயத்தை அவர்கள் பேசி முடிக்கவில்லை.